மூன்றாவது வாய்

ஒரு வீட்டில் எத்தனை வாய் சாப்பிடுகிறது என்பதை அந்த வீட்டில் பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சைக் கேட்டால் சொல்லிவிடும் என்று முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். ஒரே மாதத்தில், அதெல்லாம் சொல்லாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவனும் நான்தான். தங்கள் காலைத் தாங்களே வாரிக்கொண்ட ஆராய்ச்சியாளர்கள் உலகத்தில் இன்னும் சிலர் இருக்கலாம். ஆனால் ஒரு தட்டு மீன்குழம்புக்காக யாரும் அதைச் செய்திருக்க மாட்டார்கள்.

என் பெயர் டார்வின். அப்பாவின் அறிவியல் ஆர்வம் என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம். அண்ணன்மார் எட்வின், கெல்வின், செல்வின். நாலாவதாக நான் வந்தபோது மிச்சம் இருந்தது அதுதான். பெயரைப் பார்த்துப் பள்ளிக்கூடத்திலேயே என்னை உயிரியல் பக்கம் தள்ளிவிட்டார்கள்.

இது நடந்தது 2034-இல். பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் நுண்ணுயிரியல் முதுகலை கடைசி வருஷம். தங்கியிருந்தது கோமதிநாயகம் அண்ணாச்சியின் வளவில். வளவு என்றால் ஒரே வாசல், நடுவில் முற்றம், முற்றத்தில் ஒரே ஒரு குழாய், அதைச் சுற்றி ஆறு வீடு. ஆறாவது வீடு அண்ணாச்சியுடையது. அதன் மாடியில் ஒற்றை அறை எனக்கு. அறை கேட்டுப் போன அன்று நடந்த நேர்காணல் எந்த வேலைக்கும் எனக்கு நடந்ததில்லை.

"எந்த ஊருலே?"

"உடன்குடிப் பக்கம் அண்ணாச்சி."

"மீன் திங்குத ஊராச்சே."

"நான் சின்ன வயசுலேருந்தே சைவம் அண்ணாச்சி."

கர்த்தர் மன்னிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் சீலா மீன் தின்றுவிட்டு, வழியெல்லாம் கிராம்பு மென்றுகொண்டு வளவுக்குள் நுழைவேன். ஆனால் ஒன்று, அறைக்குள் ஒரு முட்டையைக்கூட நான் கொண்டுவந்ததில்லை. அடுப்பே கிடையாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வுக்கு ஸ்பாஞ்சுதான் என்று முடிவானதும் வளவில் முதலில் சிரித்தது அண்ணாச்சிதான். நோட்டுப் புத்தகக் கடை வைத்திருந்தார். சிரித்தால் முற்றம் முழுக்கக் கேட்கும்.

"அதுல என்னலே இருக்கு ஆராய?"

"அண்ணாச்சி, ஸ்பாஞ்சுக்குள்ள ஒரு கிருமி இருக்கு. அது தின்னத மறக்காது. தெனமும் என்ன வருதோ அதுல ஒரு துணுக்க எடுத்து, தன் உடம்புக்குள்ள வரிசையா தச்சு வச்சுக்கிடும். காலையில இட்லி, மத்தியானம் சாம்பார், ராத்திரி தோசைன்னு ஆறு மாசத்துக்கு அப்படியே இருக்கும்."

"எங்க அக்கா மாதிரின்னு சொல்லு. கல்யாணத்துல பாயாசம் பத்தலங்கறத இருவது வருசமா தச்சு வச்சிருக்கா."

"தட்டுல ஒட்டுத எச்சிலும் அதுல சேரும். ஆளுக்கு ஆள் எச்சி வேற. அதனால எத்தன வாய் சாப்பிடுதுன்னும் எண்ணிரலாம்."

"எண்ணி?"

"நோய் பரவுறதக் கண்டுபிடிக்கலாம் அண்ணாச்சி" என்று பாடப்புத்தகம்போல ஏதோ சொன்னேன். இன்றுவரை அந்த 'எண்ணி?' என்ற கேள்விதான் என்னிடம் யாரும் கேட்ட அறிவியல் கேள்விகளிலேயே நல்ல கேள்வி.

பழைய ஸ்பாஞ்சு கொடுத்தால் புது ஸ்பாஞ்சு தருவதாக அறிவித்தேன். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவனைப்போல வாசல் வாசலாக நின்றேன். இரண்டு நாளில் ஐந்து வீட்டு ஸ்பாஞ்சும் வந்துவிட்டது. எல்லாம் அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவைபோலச் சோப்பு வாசனையோடு இருந்தன.

"என்ன அக்கா, இவ்வளவு சுத்தமா இருக்கு?"

"அழுக்க எப்படிப்பா தம்பி கையில குடுக்கது? வெந்நியில போட்டு நல்லா அவிச்சுட்டேன்" என்றாள் முதல் வீட்டுப் பகவதி அக்கா.

மூன்றாவது வீட்டு நமச்சிவாயம் சார் ரிட்டயரான டிரில் மாஸ்டர். அவர் அவித்து, பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்து, வெயிலில் காயப்போட்டு, கவரில் வைத்து என் பெயரெழுதித் தந்தார். ஒருவர் கையில் அழுக்கைக் கொடுக்கக் கூடாது என்பது வளவின் மரியாதை. மரியாதையில் என் கிருமிகள் அத்தனையும் செத்துப்போயிருந்தன.

அண்ணாச்சி மட்டும், அவர் மனைவி சங்கரி மைனி கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் தொட்டியிலிருந்து சொட்டச் சொட்ட எடுத்துவந்து என் கையில் வைத்தார்.

"இந்தா பிடி. எங்க வீட்ல மறைக்க என்னலே இருக்கு?"

அந்த ஒரு ஸ்பாஞ்சுதான் உயிரோடு இருந்தது.

அதற்கு அடுத்த வாரம் எனக்குக் காய்ச்சல். கல்லூரிக்குப் போகாமல் அறையில் கிடந்தேன். மத்தியானம் கீழேயிருந்து மீன்குழம்பு வாசனை வந்தது. காய்ச்சல் தலைக்கேறிவிட்டது என்று நினைத்தேன். கஞ்சி கேட்க இறங்கிப் போனால், அடுக்களையில் சங்கரி மைனி மூக்கை மூடித் துண்டு கட்டிக்கொண்டு, வங்கியைக் கொள்ளையடிக்க வந்தவள்போல நின்று குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். கீழே ஒரு பெண் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வயிறு ஆறு மாதம் என்றது.

வடிவு. அண்ணாச்சிக்கும் மைனிக்கும் ஒரே மகள். வீட்டை மீறித் தூத்துக்குடிப் பையன் ரூபனைக் கட்டிக்கொண்டு போனவள். 'அவளுக்கு ஒரு வாய் சோறு போட்டேன்னு தெரிஞ்சா நீயும் அவ கூடயே போயிரு' என்று அண்ணாச்சி முற்றத்தின் நடுவில் நின்று மைனியிடம் சொன்னதை வளவே கேட்டிருக்கிறது. சொன்னால் சொன்னதுதான். கடையில் வைத்த விலையைக்கூட அவர் குறைத்ததில்லை.

மைனி என்னைப் பார்த்துக் கரண்டியைக் கீழே போட்டாள்.

"தம்பி, அவுகளுக்குத் தெரியக் கூடாதுப்பா. புருசன் ஹார்பர்ல வேலைக்குப் போயிட்டு எட்டு மணிக்கு மேலதான் வாரான். இவ பக்கத்துத் தெருவுல தனியா கெடக்கா. மத்தியானத்துல எத தின்னாலும் வாந்தி. மீனு ஒண்ணுதான் நிக்கி."

வடிவு தட்டிலிருந்து தலை தூக்கினாள். "நீங்கதான் ஸ்பாஞ்சு அண்ணனா? இங்க வாங்க. இதுல உப்பு இருக்கா பாருங்க. எங்கம்மா ருசி பாக்க மாட்டா. வீடியோவப் பாத்து ஆக்குதா, ஒரு நாள் கடலு, ஒரு நாள் வெறுந்தண்ணி."

"அந்தத் தம்பி சைவம்ட்டி."

"சைவமா?"

மைனி துண்டுக்குள் சிரித்தாள். "ஞாயித்துக்கெழம தவறாம கிராம்பு வாசத்தோட வாரவன் என்ன சைவம்."

தெரிந்தே ஒன்றரை வருஷம் கேட்காமல் இருந்திருக்கிறாள். அந்தக் காலத்து மூக்குக்கு அவ்வளவு மரியாதை இருந்தது. எல்லாம் அதற்குத் தெரியும், வாயிடம் சொல்லாது. குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு இல்லை, புளி அதிகம், மீனை வெண்டைக்காய்போல நறுக்கியிருந்தாள். "நல்லாருக்கு மைனி, கொஞ்சம் உப்பு" என்றேன்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று தோன்றியிருக்கும். அண்ணாச்சி கொடுத்த ஸ்பாஞ்சு கல்லூரியில் இருக்கிறது, அதில் இந்தத் தட்டின் எச்சில் இருக்கும் என்று. எனக்குத் தோன்றவில்லை. நான் விஞ்ஞானி.

பத்து நாள் கழித்து முடிவுகள் வந்தன. சனிக்கிழமை சாயங்காலம் லேபில் அச்சடித்து, மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். படித்துப் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் அன்று இறால் என்று போர்டு வைத்திருந்தார்கள்.

ஞாயிறு காலை குழாயில் தண்ணீர் வரும் நேரம். வளவே முற்றத்தில் நின்றது. அண்ணாச்சி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏலே, ஜோசியம் என்னாச்சு? எல்லாருக்கும் கேக்க மாதிரி படி."

ஒன்று முதல் ஐந்து வரை படித்தேன். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. "ஊரே அவிச்சுல்லா குடுத்திருக்கு" என்று அண்ணாச்சி சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. அதையும் நான் கவனிக்கவில்லை.

"மாதிரி ஆறு, அண்ணாச்சி வீடு. வாய் மூணு."

"மூணா? நானும் அவளும்தானலே?"

அடுத்த வரிக்கு என் கண் அப்போதுதான் போனது. 'மீன். வாரத்தில் ஐந்து நாள். மத்தியானம்.' நிமிர்ந்தேன். குழாயடியில் மைனியின் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவள் குழாயை மூடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்கு நாளை மத்தியானம் சோறு உண்டா இல்லையா என்பது என் கையில் இருந்த அந்தத் தாளில் நின்றது.

"அண்ணாச்சி... மாதிரி மாறிப்போச்சு."

"என்னது?"

"இது உங்க ஸ்பாஞ்சு இல்ல. என்னோடது. கூட்டாளிமார் ரெண்டு பேர் வருவானுவ. அதான் மூணு வாய். நாங்க... மீன் ஆக்குவோம்."

முதலில் பகவதி அக்காதான் பேசினாள்.

"நான் அப்பவே நெனச்சேன்! மாடியிலேருந்து ஒரு வாடை வருதேன்னு!"

"நானும்தான்" என்றார் நமச்சிவாயம் சார், டிரில் வகுப்புக் குரலில். "எத்தன நாளா மூக்கப் பொத்திக்கிட்டு இருக்கோம். பய முழியே சரியில்ல."

ஆளாளுக்குத் திட்டினார்கள். என்மேல் இத்தனை பேருக்கு இவ்வளவு நாள் கோபம் இருந்ததா என்று எனக்கே மனசு கஷ்டமாகிவிட்டது. அண்ணாச்சி எழுந்து வந்தார். என் கையிலிருந்து தாளை வாங்கினார். மெதுவாகப் படித்தார். மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

"சைவம்னு சத்தியம் பண்ணித்தானலே உள்ள வந்தே?"

"ஆமா அண்ணாச்சி."

"வெக்கமா இல்ல?"

"இருக்கு அண்ணாச்சி."

பெட்டியைக் கட்டத் தயாராக நின்றேன். அவர் திரும்பி நடந்துகொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"பரீச்ச முடியுத வர இருந்து தொல. ஆக்குததுன்னா மத்தியானத்துல மட்டும் ஆக்கு. காலையில ராத்திரியில வாடை வந்துச்சோ, தொலச்சுப்புடுவேன்."

பொய் சொன்னால் அதைக் கடைசிவரை சொல்ல வேண்டும். மறுநாள் காலை என் வழிகாட்டி ஹெப்சிபா மேடத்திடம் போய், மாதிரி ஆறு மாறிவிட்டது, அதைக் கணக்கில் எடுக்க முடியாது என்றேன்.

"உயிரோட இருந்ததே அது ஒண்ணுதானே டார்வின்? ரீடிங் எவ்வளவு சுத்தமா வந்திருக்கு தெரியுமா? இத வச்சு நீ எங்கேயோ போகலாம்."

"மாறிடுச்சு மேடம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பொய் சொல்றப்ப உனக்குக் காது செவக்கும். முதல் வருஷத்துல லீவ் லெட்டர் தந்தப்பவே பாத்திருக்கேன்." கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "பெரிய விஷயமா?"

"ஒருத்தங்க சாப்பாடு, மேடம்."

"சரி. எழுதிக் குடு."

என் ஆய்வேட்டின் கடைசி வாசகம் இது: ஸ்பாஞ்சைக் கொதிக்கும் நீரில் இட்டால் கிருமிகள் இறந்துவிடும். இதை எங்கள் ஊரில் யாரும் இரண்டு வருஷம் படிக்காமலே சொல்லியிருப்பார்கள். தேர்ச்சிக்குத் தேவையான மதிப்பெண்ணைவிட இரண்டு கூடப் போட்டார்கள்.

மேடத்திடம் போய் வந்த அன்று மத்தியானம் வகுப்பில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. நான் மத்தியானத்தில் வளவில் இருப்பதே இல்லை. காலை எட்டரைக்குப் போனால் சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் வருவேன். என் அறையில் அடுப்பும் இல்லை. இதெல்லாம் வளவில் இருக்கிற பூனைக்குக்கூடத் தெரியும். அந்த நேரத்தில் அங்கே என் பெயரில் ஒரு மீன் வெந்துகொண்டிருந்தது. எப்படி என்று அதற்குப் பிறகும் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. பகவதி அக்கா மட்டும் படியில் பார்த்தால், "இன்னைக்கு என்ன மீன் தம்பி?" என்பாள், முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு.

பரீட்சை முடிந்து கிளம்பிய அன்று ஆட்டோவில் என் பெட்டியை அண்ணாச்சியே தூக்கி வைத்தார். சீக்கிரம் ஒழிந்தால் போதும் என்று நினைக்கிறார் போல என்று நானும் அவசரமாக ஏறினேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முற்றத்துக்கே கேட்கும் குரல், எனக்கே கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது.

"ஏலே. அந்த மூணாவது வாய்..."

"அண்ணாச்சி?"

"வயிறு நெறைய சாப்பிடுதாலே? அத உன் மிஷின் சொல்லுமா?"

"எத்தன வாய்னுதான் சொல்லும் அண்ணாச்சி. எவ்வளவுன்னு சொல்லாது."

"ம். சொல்லுத மிஷின் வந்தா சொல்லு."

கம்பியை விட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். வடிவுக்குப் பெண் குழந்தை பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசல்வரை போய்த் திரும்பிவிட்டாராம். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டதால் உள்ளே போய் ஒதுங்க வேண்டியதாகிவிட்டது என்று பகவதி அக்கா போனில் சொன்னாள்.

பத்து வருஷம் கழித்து, வேறு ஏதோ ஊரில் யாரோ இதே வித்தையைக் கண்டுபிடித்து விரல் நீளக் குச்சியாக்கிவிட்டார்கள். என்னைப்போல மண்டையில் மசாலா குறைந்தவர்கள் இல்லை அவர்கள். ஜனங்கள் அதற்கு எச்சில் குச்சி என்று பெயர் வைத்தார்கள். அண்ணாச்சி கேட்ட 'எண்ணி?'க்குப் பதில் வந்துவிட்டது. வீட்டுக்காரர்கள் வாடகைக்கு வருபவனின் பழைய ஸ்பாஞ்சைக் கேட்டார்கள். விடுதி வார்டன்கள் கேட்டார்கள். பெண் பார்க்கப் போனவர்கள் பஜ்ஜி தின்றுவிட்டுக் கைகழுவுகிற சாக்கில் அடுக்களைக்குள் போய் ஸ்பாஞ்சுக்குள் குச்சியை நுழைத்தார்கள். வீட்டுத் தரகர்கள் 'மூன்று மாதம் சுத்த சைவக் குடும்பத்தில் உழைத்த ஸ்பாஞ்சு' என்று பாக்கெட் போட்டு விற்றார்கள். வீட்டுக்கு வந்த அக்காள் மகனுக்கு இரண்டு நாள் சோறு போட்டதற்காக ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்தது. யாரையும் திட்ட எனக்கு வாய் இல்லை. முதல் குச்சியைச் சீவியவன் நான்.

போன மாதம் என் மகன் வாடகைக்கு வீடு பார்க்கப் போனான்.

"அப்பா, இதுக்கு நீதானே தாத்தா. தப்பிக்க ஒரு வழி சொல்லு."

"அவிச்சுக் குடுடா."

"எந்தக் காலத்துல இருக்க? இப்ப வந்திருக்க மிஷின் செத்த கிருமியையும் படிக்கும்பா. எத்தன வாய், எத்தன கவளம்னு புட்டுப்புட்டு வைக்கும்."

அந்த மிஷின் எங்கள் கல்லூரிக்கும் வந்தது. 'எங்கேயோ போகலாம்' என்று மேடம் சொன்ன நான், அதே கல்லூரியில் அதே லேபுக்குப் பொறுப்பாளராக முப்பத்தாறு வருஷம் இருந்துவிட்டேன். இந்த வெள்ளிக்கிழமை ஓய்வு. போகும் முன் குளிர்பெட்டியைக் காலி செய்ய வேண்டும், பழைய மாதிரிகளையெல்லாம் புது மிஷினில் படித்துப் பொதுத் தொகுப்பில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவு. அடித்தட்டில் பனிக்குள்ளே ஆறு பாக்கெட் இருந்தன. என் கோணல் எழுத்து. ஒரு கவரில் மட்டும் நமச்சிவாயம் சாரின் அழகான எழுத்தில் என் பெயர்.

ஆறாவதை முதலில் வைத்தேன். மூன்று வாய், மீன், மத்தியானம். தெரிந்ததுதான். பிறகு சும்மா, வேலை முடியட்டும் என்று ஒன்றாவதை வைத்தேன். பகவதி அக்கா வீட்டில் அவளும் புருஷனும் இரண்டு பையன்களும். நான்கு வாய்.

மிஷின் ஐந்து என்றது.

ஐந்தாவதும் ஆறாம் வீட்டின் மூன்றாவதும் ஒரே வாய் என்று கீழே எழுதியது. காலை எட்டே முக்கால் வாக்கில், மூன்று இட்லி.

எட்டே முக்கால். அண்ணாச்சி கடைக்குப் போகும் நேரம்.

இரண்டாவதை வைத்தேன். அதே வாய், மோர்ச்சோறு. மூன்றாவது நமச்சிவாயம் சார். மனைவி போன பிறகு தனி ஆள், தனக்கே ஒழுங்காகச் சமைத்துக்கொள்ளாதவர். வாரத்தில் இரண்டு நாள் உளுந்தங்களி, கருப்பட்டி போட்டு. அவருடைய வாய் அதில் படவே இல்லை. நான்காவது, ஐந்தாவது. சுக்குக்காப்பி, சொதி, புட்டு. ஆறு வீட்டிலும் அதே வாய். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீடு போடுவது தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். எல்லோரும் அண்ணாச்சிக்குப் பயந்து, என் ஸ்பாஞ்சு மிஷினுக்கும் பயந்து, தனித்தனியாக அடுப்பில் வெந்நீர் வைத்து அவித்திருக்கிறார்கள். நான் அதை முப்பத்தெட்டு வருஷமாகக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

லேபில் யாருமில்லை. வெளியே மைதானத்தில் பையன்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். அந்த முற்றம், வழிகிற குடம், மூக்கில் துண்டு கட்டிய மைனி, என்னைத் திட்டிய அந்த ஐந்து வீட்டு வாய்கள். அவ்வளவு அன்பாக என்னை அதற்குப் பிறகு யாரும் திட்டியதில்லை.

தொகுப்பில் ஏற்றும் படிவம் திரையில் காத்திருந்தது. வீட்டு எண், குடும்பத்தலைவர் பெயர், வாய்களின் எண்ணிக்கை. கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். அதில் தட்டினேன்: மாதிரிகள் ஆறும் மாறிப்போய்விட்டன. பயன்படாது.

காது சூடாகத்தான் இருந்தது. தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அண்ணாச்சி போய்ப் பதினோரு வருஷமாகிறது. என்றாலும் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டாமா? மிஷினை அணைத்துவிட்டு, முற்றத்துக்கே கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"நெறைய சாப்பிட்டிருக்கா அண்ணாச்சி. ஆறு வீட்லயும்."